காணாமல் போன குறுக்குப் பட்டைகள்

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை காலை, முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கும் காலி மனையில், சோதனைக்காக நிறுத்தப்பட்டிருந்த இரண்டு மாதிரிச் சுவர்களில் ஒன்று சரிந்தது. அதன்மேல் பாதி மணல் மூட்டைகள்தான் ஏறியிருந்தன. யாருக்கும் காயமில்லை.

அன்றைக்கே அந்த வழக்கு எங்கள் துப்பறியும் நிறுவனத்துக்கு வந்தது. நிறுவனம் என்பது கொஞ்சம் பெரிய சொல். நான் இருக்கிறேன். என் மனைவியின் தங்கை உதவியாளராக இருக்கிறாள். வீட்டில் அவளைக் குண்டூசி என்று கூப்பிடுவார்கள், ஏன் என்பது போகப் போகத் தெரியும். ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் இருக்கின்றன. மூன்றாவது நாற்காலி கட்சிக்காரர்களுக்கு. கட்சிக்காரர்கள் வராத நேரத்தில் அதன்மேல் மேசை விசிறியை வைத்திருந்தோம். அந்த நேரம் நீண்டுகொண்டே போனதால் விசிறி அங்கேயே குடியேறிவிட்டது.

ஆகவே கதவைத் தட்டிக்கொண்டு ஓர் இளைஞர் உள்ளே வந்தபோது, குண்டூசி விசிறியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வயர் எட்டிய தூரம் அவ்வளவுதான். அவர் பேசி முடிக்கும்வரை அது அவள் மடியிலிருந்து அவர் முகத்துக்கு நேராகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் நீர் வந்ததற்குத் துக்கம் மட்டும் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது.

"யாரோ என் சுவரைச் சாய்ச்சுட்டாங்க சார்."

"எந்தச் சுவர்?"

"எங்க அக்கா கால்நடை டாக்டர். சின்னதா ஒரு ஆஸ்பத்திரி கட்டுறா. கீழ சிகிச்சை, மேல நாய் பூனை தங்குறதுக்கு அறை. செங்கல் வேண்டாம், இரும்புச் சட்டத்துல கட்டணும்னு முடிவு. இரும்புன்னா தண்டவாளம் மாதிரி இல்ல சார். மெல்லிசு தகடு. சூடு பண்ணாமலே மெஷின்ல விட்டு ஓரத்த மடிச்சா விறைப்பான சட்டம் வரும். அதை வரிசையா நிறுத்தி ஸ்க்ரூ அடிச்சா சுவர்."

"வெறும் காகிதம் நிக்காது, மடிச்சா நிக்கும். அந்த மாதிரி," என்றாள் குண்டூசி.

"அதேதாங்க. இதுல ரெண்டு வழி இருக்கு. ஃபேக்டரியிலயே முழுச் சுவரா பூட்டி, சட்டத்தை மூடுற போர்டும் அடிச்சு, லாரியில கொண்டாந்து நிறுத்துறது ஒண்ணு. அது ஒரு பெரிய கம்பெனி. இன்னொண்ணு என்னுது. சட்டத்தை மட்டும் பட்டறையில மடிச்சு எடுத்துட்டு வந்து, மனையில வச்சே அறுத்து ஒண்ணொண்ணா பூட்டுறது. எதை எடுக்கிறதுன்னு அக்காவுக்குத் தெரியல. ஆளுக்கொரு சுவர் நிறுத்துங்க, மேல மணல் மூட்டை அடுக்கலாம், நிக்கிறவங்களுக்கு வேலைன்னுட்டா."

"பரீட்சை வச்சுட்டாங்க."

"சின்ன வயசுல எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்ததே அக்காதான். அப்பவும் இப்படித்தான்."

இவரை இனித் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். ஒருவருக்குத் தம்பியாகப் பிறந்ததுதான் அவருடைய பிரச்சினை.

முந்தின நாள் மாலை தம்பி தன் சுவரை நிறுத்தியிருக்கிறார். சட்டங்களுக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை, பெருக்கல் குறிபோல இரண்டு தட்டைப் பட்டைகளை ஸ்க்ரூ போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார். அக்கா உள்ளே பார்க்க வேண்டும் என்பதால் போர்டு அடிக்கவில்லை. காலையில் அக்காவை அழைத்துவரப் போயிருந்த நேரத்தில் மூட்டை ஏற்றுபவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அக்காவும் தம்பியும் மனைக்குள் நுழைந்தார்கள். சுவர் பக்கவாட்டில் மெதுவாகப் படுத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் குறுக்குப் பட்டைகள் இல்லை.

"கட்டடத்துக்கு இன்ஜினியர் இருப்பாரே, அவர் என்ன சொல்றார்?"

"அவர் ஆபீஸ்ல இருந்தே போட்டோவைப் பாத்துட்டு, பட்டையே போடலன்னுட்டார். அக்கா ஒண்ணும் சொல்லல சார். 'மறந்துட்டியாடா?'ன்னு மட்டும் கேட்டா." அவர் விசிறிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இருந்த வேலைய விட்டுட்டு மெஷின் போட்டிருக்கேன். இதுதான் முதல் கட்டடம். கூடப் பொறந்தவளே நம்பலன்னா வெளியில எவன் நம்புவான்? சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடிவு சொல்லிடுவா. அதுக்குள்ள பட்டையைக் கழட்டினது யாருன்னு தெரியணும்."

"அஞ்சு மணிக்குள் குற்றவாளி உங்கள் முன்னால் நிற்பான்," என்றேன் நான், எழுந்து நின்று கோட்டை மாட்டியபடி. துப்பறிகிறவனுக்குக் கோட்டு வேண்டும் என்று நினைத்து, யாரோ போட்டுக் கழித்ததை வாங்கியது. அதில் நான் ஒரு பக்கம் சாய்ந்த ஆள்போலத் தெரிகிறேன்.

"மாமா இப்படித்தான் சொல்வார். கவலப்படாதீங்க, நானும் வர்றேன்," என்றாள் குண்டூசி.

தம்பி பட்டறைக்குப் போனார். நாங்கள் மனைக்குப் புறப்பட்டோம்.

மனைக்குப் போகும் சந்து ஒரு காருக்குப் போதுமான அகலம், கார் நேராகவே போவதாக இருந்தால். பாதி தூரத்தில் அது முழங்கையைப்போல மடங்குகிறது. அந்த முழங்கையில் என் கார் மாட்டிக்கொண்டது. முன்னால் நகர்த்தினால் ஒரு மதில், பின்னால் நகர்த்தினால் இன்னொரு மதில். குண்டூசி இறங்கி, முன்னால் நடந்துபோய், ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்க மாமா."

"ஒடிச்சிருக்கேன்!"

"சரி, அப்ப கண்ணாடியும் ஒடிஞ்சிருக்கும், பாருங்க."

பார்த்தேன். பக்கக் கண்ணாடி வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவில் முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு. காரை அங்கேயே விட்டுவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே வந்தேன். கம்பீரமாக வந்தேன் என்று எழுத ஆசைதான்.

மனையில் இரண்டு சுவர்கள். கம்பெனிச் சுவர் ஒரு பக்கம் போர்டு மூடி, மேலே மூட்டைகளோடு அசையாமல் நின்றது. அதன் நிழலில், டை கட்டிய கம்பெனி ஆள் ஒருவர் கைக்குட்டையால் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பியின் சுவர், அடியைப் பிரித்த அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் அழுத்தினால் எப்படி மடங்குமோ அப்படி மடங்கி, சிதறிய மூட்டைகள்மேல் கிடந்தது. சட்டங்கள் எதுவும் முறியவில்லை. எல்லாம் ஒரே திசையில், ஒரே கோணத்தில், ஒழுங்காகப் படுத்திருந்தன.

நான் மண்டியிட்டு மூலைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு மூலைத் தகட்டிலும் கொத்தாக ஸ்க்ரூ துளைகள். துளைகளின் விளிம்பு பளபளவென்று இருந்தது.

"பட்டை இருந்திருக்கு!" என்று கூவினேன். "போட்டுட்டுத்தான் கழட்டியிருக்காங்க. தம்பி மறக்கலை."

"அருமை மாமா," என்றாள் குண்டூசி. அவள் அந்தச் சொல்லைச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்ததால் நான் சற்று நேரம் மண்டியிட்டபடியே இருந்தேன். "இது என்ன கோடு?"

ஒவ்வொரு துளைக் கொத்தின்மேலும் இளஞ்சிவப்பில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. தலைமுடி அளவு மெல்லிய கோடுகள்.

"வேலை செய்றவங்க போடுற அடையாளம்," என்றேன்.

"மத்த அடையாளமெல்லாம் கறுப்பு மார்க்கர்ல தடி தடியா இருக்கே."

"கறுப்பு தீர்ந்துபோயிருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து எதிர்வீட்டு மாடியைப் பார்த்தேன். சந்தேகம் வரும்போது எதிர்வீட்டு மாடியைப் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. அங்கே ஒரு பெண்மணி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா! காலைல இங்க யாராவது வந்தாங்களா?"

"விடிஞ்சதும் ஒருத்தர் வந்தார்ப்பா. ரொம்ப நேரம் நின்னு பாத்தார். அப்புறம் என்னமோ குடைஞ்சுட்டு இருந்தார்."

"எப்படி இருந்தார்?"

"நான் கண்ணாடி போடல, அவர் முகமெல்லாம் தெரியல. கழுத்துல நீளமா ஏதோ தொங்குச்சு."

நான் மெதுவாகத் திரும்பினேன். டைக்காரரின் கழுத்தில் நீளமாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்காகத்தான் மனிதர்கள் துப்பறியும் தொழிலுக்கு வருகிறார்கள். நான் கோட்டுப் பையில் கையை விட்டு (பை கிழிந்திருந்ததால் கை முழங்கால்வரை போனது), அவர் முன்னால் போய் நின்றேன்.

"விடியற்காலைல இங்க என்ன வேலை சார் உங்களுக்கு?"

"எனக்கா? நான் பத்து மணிக்குத்தான் வந்தேன்."

"கழுத்துல டையோட உங்களைப் பாத்த சாட்சி இருக்கு."

அவர் டையைப் பிடித்து இழுத்தார். அது டப்பென்று கழன்று கையோடு வந்தது. உள்பக்கம் பிளாஸ்டிக் கொக்கி.

"இது வண்டியிலயே கிடக்கும் சார். மேனேஜர் போன்ல முகம் காட்டிப் பேசச் சொன்னா மாட்டிக்குவேன். விடியற்காலைல டை கட்டிக்கிட்டு ஸ்க்ரூ கழட்டுறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? அதுவுமில்லாம..." அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க சுவர்தான் நிக்குமே சார். நிக்கிறவன் எதுக்கு அடுத்தவனைத் தள்ளணும்?"

பதில் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதாவது, பதில் கிடைக்கவில்லை. அதற்குள் குண்டூசி கூப்பிட்டாள்.

அவள் தம்பியின் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். துளைபோடும் மெஷின், தகடு வெட்டும் கத்தரி, கையுறை. இவற்றுக்கு மேல், சாப்பாட்டுத் தட்டு அளவில் சுருட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள். காணாமல்போன அதே பட்டைகள். அவை விரிந்துவிடாமல் வெள்ளை நூலைப் பல சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. பட்டையின் விளிம்பு நூலை அறுத்துவிடாதபடி, நூலுக்கு அடியில் சின்னத் துணித்துண்டு மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு மிட்டாய் டப்பா. அதற்குள் ஸ்க்ரூக்கள், ஒன்றுகூடக் குறையாமல் இருக்கும் என்று தோன்றியது.

"பெட்டியை யாரும் திறக்கவே இல்ல," என்றாள். "சுவர் விழுந்ததும் எல்லாரும் விழுந்த சுவரைத்தான் பாத்திருக்காங்க."

எனக்கு எல்லாம் வெளிச்சமானது. எனக்கு இப்படி அடிக்கடி வெளிச்சமாகும்.

"குண்டூசி, இது தம்பியோட பெட்டி."

"ஆமா."

"பட்டை தம்பியோட பெட்டிக்குள்ள இருக்கு. அப்படின்னா?"

"அப்படின்னா?"

"அவனேதான் கழட்டியிருக்கான்! தன் சுவர் கம்பெனிச் சுவர் அளவுக்குத் தாங்காதுன்னு அவனுக்குப் பயம். தோத்துப்போறதுக்குப் பதிலா, சதி பண்ணிட்டாங்கன்னு அனுதாபம் வாங்கலாம்னு பாத்திருக்கான்."

"தன் சுவரைத் தானே சாய்ச்சுட்டு, துப்பறியிறவரை எவனாவது கூப்பிடுவானா? அதுவும் உங்களை?"

"அதனாலதான் என்னைக் கூப்பிட்டிருக்கான். கண்டுபிடிக்க மாட்டேன்னு தெரிஞ்சு."

சொன்ன பிறகுதான் அந்த வாதத்தின் பலம் எனக்கே உறைத்தது. குண்டூசிகூட மறுக்கவில்லை. சுருள்களையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். அந்தத் துணித்துண்டை மட்டும் விரலால் தடவிப் பார்த்தபடி வந்தாள்.

தம்பியின் பட்டறை ஒரு தையல் கடைக்குப் பின்னால் இருக்கிறது. கடை அவருடைய அப்பாவுடையது. முன்னறையில் தையல் மெஷின், வெட்டும் மேசை, கொடியில் பாதி தைத்த சட்டைகள். பின்னறையில் தகடு மடிக்கும் மெஷின். நடுவில் ஒரு துணித்திரை. தையல் மெஷின் நின்றால் தகடு மெஷின் சத்தம் கேட்கும், தகடு மெஷின் நின்றால் தையல் மெஷின் சத்தம் கேட்கும். நாங்கள் போனபோது தையல் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பையன் உள்ள இருக்கான். சுவர் விழுந்ததுலேருந்து முகமே சரியில்ல, ஏன் விழுந்துச்சுன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கிறான்," என்றார் அப்பா, தைப்பதை நிறுத்தாமல். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அதாவது, என் கோட்டைப் பார்த்தார். தைப்பதை நிறுத்தினார்.

"இது யார் தைச்சது?"

"வாங்கினது ஐயா."

"இடது தோள் இறங்கிக் கிடக்கு. முதுகுல துணி மிச்சம். திரும்புங்க."

"நான் ஒரு முக்கியமான விஷயமா..."

"திரும்புங்கன்னா."

திரும்பினேன். குற்றவாளிகளிடம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் தையல்காரரிடம் யாராலும் கடுமையாக இருக்க முடியாது. முதுகில் அவர் விரல்கள் பிடித்துப் பார்த்தன, இழுத்துப் பார்த்தன. ஏதோ உரசியது. நான் அதற்குள் என் பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததால் மற்ற எதையும் கவனிக்கவில்லை. விடுவித்ததும் திரையை விலக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

தம்பி மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"தெரிஞ்சுதா சார்?"

"தெரிந்தது," என்றேன். பையிலிருந்து இரண்டு சுருள்களையும் எடுத்து மெஷின்மேல் வைத்தேன். "இவை எங்கே இருந்தன தெரியுமா? உங்கள் பெட்டிக்குள்!"

"என் பெட்டியிலயா?"

"நடிக்க வேண்டாம். பட்டையைக் கழட்டியது வேறு யாரும் இல்லை. போட்ட கையேதான் கழட்டியது!" இந்த இடத்தில் சட்டென்று திரும்பி, முதுகைக் காட்டியபடி ஜன்னல்வரை நடக்க வேண்டும் என்பது ஒத்திகையில் இருந்தது. அப்படியே செய்தேன். "குற்றவாளி எப்போதுமே ஏதாவது ஓர் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் போவான்..."

"மாமா," என்றாள் குண்டூசி.

"குறுக்கே பேசாதே."

"மாமா, ஆடாம அசையாம அப்படியே நில்லுங்க. அடையாளம் உங்க முதுகுல இருக்கு."

கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் தன் முதுகு தனக்குத் தெரியாது. அவள் கோட்டை உருவி என் முன்னால் பிடித்தாள். இடது தோளுக்குக் கீழே இரண்டு, முதுகு நடுவில் இரண்டு. இளஞ்சிவப்பில், தலைமுடி அளவு மெல்லிய கோடுகளில், சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள்.

"தையல் சாக்குக்கட்டி," என்றாள். "பிரிக்க வேண்டிய இடத்துல போடுற குறி. பட்டையைச் சுருட்டியிருக்கிறதைப் பாருங்க, அளவு நாடாவைச் சுருட்டுற மாதிரி. நூல் அறுந்துடக் கூடாதுன்னு துணி மடிச்சு வச்சிருக்கார். கெடுக்கணும்னு வந்தவன் ஸ்க்ரூவை டப்பாவுல போட்டு வச்சுட்டா போவான்?"

"கழுத்துல தொங்கினது..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அளவு நாடா."

முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு சுருளைக் கையில் எடுத்து, அந்த முடிச்சைப் பார்த்தார். அந்த முடிச்சை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்க வேண்டும். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் பேசினார்.

"சார், இத்தோட விட்டுடுங்க."

"என்ன?"

"நான் மறந்துட்டேன்னே இருக்கட்டும். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அவருக்கு ஏன் விழுந்துச்சுன்னே யாரும் சொல்லல. அவர் கைபட்டுத்தான் போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டார்."

"வேலை போயிடுமே தம்பி," என்றாள் குண்டூசி. அவள் அவரை முதன்முறையாகக் கிண்டல் இல்லாமல் பார்த்தாள்.

"வேற கட்டடம் வரும்ங்க."

"கூடப் பொறந்தவளே நம்பலன்னா வெளியில எவன் நம்புவான்னு காலைல நீங்கதானே சொன்னீங்க?"

அவர் சுருளைத் திரும்ப மெஷின்மேல் வைத்தார். அப்போதுதான் தையல் மெஷின் நின்றுபோயிருப்பதை மூவரும் கவனித்தோம். அது நின்றால் பின்னறையில் பேசுவது முன்னறையில் நன்றாகக் கேட்கும்.

திரை விலகியது. அப்பா நின்றார். கழுத்தில் அளவு நாடா.

"அது இல்லாமதான் விழுந்துச்சாடா?"

"இல்லப்பா, அது வந்து..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஆமாப்பா."

அவர் வெட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஊர் வர்றதுக்கு முன்னாடி உன் வேலையை ஒரு தடவ பாக்கலாம்னு விடிஞ்சதும் போனேன். ஒவ்வொரு சட்டமும் நேரா, நூல் பிடிச்ச மாதிரி நின்னுச்சு. அவ்ளோ அழகா இருந்துச்சு. நடுவுல குறுக்க ரெண்டு பட்டை மட்டும் கோணலா ஓடுது. நாங்க கோட்டு தைக்கும்போது துணி நகராம இருக்க நீள நீளமா குறுக்கால ஒரு நூல் ஓட்டுவோம். தைச்சு முடிச்சதும் அதை உருவிடணும். உருவாம வாடிக்கக்காரர்கிட்ட குடுத்தா அசிங்கம். பையன் அவசரத்துல உருவ மறந்துட்டான்னு நெனச்சேன். அக்கா வந்து பாத்தா உன்னத் திட்டுவாளேன்னு..."

"விடுங்கப்பா."

"தேவைப்பட்டா மறுபடி போட்டுக்கட்டும்னு குறிகூடப் போட்டுட்டுத்தான் வந்தேன்." அவர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, மேசைமேல் வைத்தார். உள்ளே வந்து மெஷின்மேல் இருந்த சுருள் இரண்டையும் எடுத்துக்கொண்டார். "கடையைச் சாத்து. அஞ்சு மணிக்குன்னு சொன்னியே."

"அப்பா, நான் போய்ச் சொல்லிக்கிறேன்..."

"நீ என்ன சொல்லுவேன்னு இப்பத்தான் கேட்டேன். செருப்பு எங்க?"

ஐந்து மணிக்கு மனையில் எல்லோரும் இருந்தோம். டாக்டர் அக்கா, இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டை முழுக்க நாய்முடி. டைக்காரர் டையோடு இருந்தார். இன்ஜினியர் வழக்கம்போல் போனில் இருந்தார்.

அப்பா யாருக்கும் வணக்கம் சொல்லாமல் மகள் முன்னால் போய்ச் சுருள்களை நீட்டினார்.

"அவன் போட்டிருந்தான். காலைல நான் கழட்டினேன். ஓட்டு நூல்னு நெனச்சுட்டேன்மா. தப்பு என்னுது. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் சுருளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மடங்கிக் கிடந்த சுவரைப் பார்த்தார். பிறகு தரையில் குந்தி, இரண்டு பட்டைகளையும் பிரித்து, மண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்தார்.

"நாய்க்கு முட்டிக்குள்ள ரெண்டு நார் இப்படிக் குறுக்கால போகும்ப்பா. அதுல ஒண்ணு அறுந்தா எலும்பு அத்தனையும் நல்லா இருக்கும், ஆனா கால் ஊன முடியாது, நழுவிடும். வாரம் தவறாம ஒரு நாய்க்காவது அதைத்தான் சரிபண்ணிட்டு இருக்கேன்." அவர் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பட்டை அதுக்குத்தான்னு நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமேடா."

"நீ கேட்டியா? மூட்டையை அடுக்குன்னுட்டே."

"சரி. மறந்துட்டியான்னு கேட்டிருக்கக் கூடாது."

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா தம்பிகள் அவ்வளவுதான் பேசுவார்கள்.

டைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், ஒரு பெரியவர் ஒரு ஸ்க்ரூட்ரைவரை வச்சுப் பிரிச்சுட முடியுதுன்னா, அந்த மாதிரி அமைப்பு பாதுகாப்பான்னு யோசிக்கணும். எங்க சுவர் போர்டோட வருது. பட்டை போனாலும் போர்டு தாங்கும்."

அது நியாயமான பேச்சு. எனக்கே அவர் பக்கம் சாயத் தோன்றியது. ஏற்கெனவே சாய்ந்த கோட்டு வேறு.

"நீங்க சொல்றது சரிதான்," என்றார் டாக்டர். "இந்தச் சாம்பிள் எப்படி உள்ள வந்துச்சு?"

"ஆள் வச்சுத் தூக்கிட்டு வந்தோம்."

"கட்டடத்துச் சுவர் இதைவிடப் பெரிசு இல்லையா? அது எப்படி வரும்?"

"லாரியில மேடம். கிரேன் வச்சு இறக்கிடுவோம்."

"இந்தச் சந்துக்குள்ளயா?"

"வரும் மேடம். டிரைவர் நல்ல டிரைவரா இருந்தா..."

"எங்க மாமா அதைக் காலைலயே சோதனை பண்ணிப் பாத்துட்டார்," என்றாள் குண்டூசி. "சாட்சி சந்துலயே நிக்குது."

எல்லோரும் சந்துக்கு நடந்தார்கள். முழங்கை வளைவில் என் கார், இரு மதில்களுக்கும் நடுவே, காலையில் விட்ட இடத்திலேயே குறுக்காக நின்றது. பக்கக் கண்ணாடி வயரில் ஆடிக்கொண்டிருந்தது. டைக்காரர் கதவில் விழுந்த வெள்ளைக் கோட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அன்று முழுவதும் நான் சேகரித்த ஆதாரங்களில் யாரும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

மறுநாள் தம்பி சுவரை நிமிர்த்தி, அதே துளைகளில், இளஞ்சிவப்புக் குறிகளைப் பார்த்து அதே பட்டைகளைப் பூட்டினார். மூட்டைகள் எல்லாம் ஏறின. சுவர் நின்றது. இந்தமுறை இன்ஜினியர் நேரில் வந்து பார்த்தார். கட்டடத்தைச் சட்டம் சட்டமாக மனையிலேயே பூட்டுவது, குறுக்குப் பட்டையோடு போர்டும் அடிப்பது, போர்டு மூடும்வரை குடும்பத்தார் யாரும் ஸ்க்ரூட்ரைவரோடு உள்ளே வரக்கூடாது என்று டாக்டர் முடிவு செய்தார். வேலை தம்பிக்குக் கிடைத்தது.

ஆஸ்பத்திரி செப்டம்பரில் திறக்கப்பட்டது. என் கோட்டின் இடது தோள் சரிசெய்யப்பட்டுவிட்டது.